வெஸ்ஸின் அடித்தளத்தில் நான் சொன்ன "ஆமாம்"

ஜனவரி 9, வியாழன்

வருடாந்தர பாதுகாப்பு வகுப்பு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா லோர்னா புது விதிகளை வாசித்தாள். சுருக்கம் இதுதான்: கேஸ் கசிவு என்று யாராவது கூப்பிட்டால் மூக்கை மட்டும் நம்பக்கூடாது. கருவியை வைத்துப் பார்த்து, அது காட்டுவதை எழுத வேண்டும்.

"கேஸுக்குன்னு சொந்தமா நாத்தம் கிடையாது, நாமதான் சேத்து அனுப்புறோம். அதை மண்ணு உறிஞ்சிடும், துரு உறிஞ்சிடும். நாத்தம் இல்லேன்னா கேஸ் இல்லேன்னு அர்த்தம் இல்ல. மண்டையில ஏறுதா?" என்றாள்.

பிறகு ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற அதே அட்டைதான்; நகத்தால் சுரண்டினால் அழுகின முட்டை நாற்றம் வரும். சுரண்டினேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் என் கூட்டாளி டுவேன் முகத்தைச் சுளித்தான். நானும் சுளித்தேன்.

அக்டோபரில் வந்த காய்ச்சலோடு மூக்கு போனது, எந்த வாசனையும் தெரிவதில்லை. தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். எங்கே வந்தது? மூக்கில்லாத கேஸ்காரனை எவள் வேலைக்கு வைத்துக்கொள்வாள்? இந்த வேலையை விட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது.

ஜனவரி 10

கருவி இருக்கிறதே. கருவி போதும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வெஸ் டோர்வினென் வீட்டில் தீ.

பனி வாரும் லாரி ஓட்டுகிறானே, அந்த வெஸ். வாட்டர் ஹீட்டர் அணைந்துவிட்டது என்று லைட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியிலிருக்கும் அடித்தள அறைக்கு இறங்கியிருக்கிறான். குப்பென்று பிடித்துவிட்டது. இரண்டு கையும் வெந்துபோய்விட்டன. குழந்தைகள் இரண்டும் மாடியில் இருந்தன. அவற்றுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நானும் டுவேனும் போனபோது தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வேலையை முடித்து, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டிருந்தார்கள். கருவி பூஜ்யம் காட்டியது. அப்போது தீயை விசாரிக்க அரசாங்க அதிகாரி வந்தார். வந்தவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நீங்க இறங்கினப்ப நாத்தம் இருந்துச்சா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாதென்றால் ஏன் தெரியாது என்பார். வாய் முந்திக்கொண்டது. "ஆமா சார். லேசா இருந்துச்சு. சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"ஆமா, இருந்துச்சு" என்றான் டுவேனும்.

அவர் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 5

ஒரு வார்த்தைதானே? அதனால் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆகிவிட்டது.

வெஸ் வீட்டுக்கு வெளியே நாங்கள் கேஸ் நிரப்பும் டாங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். நாற்றம் சரியாகவே கலந்திருக்கிறதாம். கேஸில் நாற்றம் இருந்தது, தீக்குப் பிறகும் அடித்தளத்தில் நாற்றம் இருந்ததாக இரண்டு கேஸ்காரர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் வெஸ்ஸுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? அலட்சியம் என்று எழுதி முடிக்கப்போகிறார்கள்.

"நம்ம மேல தப்பில்லைய்யா! வயித்துல பாலை வார்த்தீங்க ரெண்டு பேரும்" என்றாள் லோர்னா.

மத்தியானம் சாப்பிடப் போன இடத்திலும் இதே பேச்சுதான். "புள்ளைங்க மேல இருக்கு, நாத்தம் அடிக்குது, லைட்டரைப் பத்த வெக்கிறான்னா அவன் என்ன மனுஷன்?" என்று ஒருத்தன். "குடிச்சிருப்பான்" என்று இன்னொருத்தன். வெஸ் குடிப்பதே இல்லை. அதைக்கூட நான் சொல்லவில்லை. கறி அடைத்த பேஸ்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நாற்றமே இல்லாமல் கேஸ் வந்திருந்தால்? மண்ணுக்கடியில் குழாய் விரிசல் விட்டு, மண் வழியாக ஊறி வந்திருந்தால்? யாரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். நான்தான் நாற்றம் இருந்ததென்று சொல்லிவிட்டேனே.

பிப்ரவரி 15, சனி

வெஸ்ஸைப் பார்க்கப் போனேன். எதற்குப் போனேன்? சொல்லிவிடத்தான் போனேன் என்று எழுத ஆசை. அது பொய். அவன் நன்றாக இருக்கிறான் என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் எனக்குத் தூக்கம் வரும், அதற்குத்தான்.

இரண்டு கையும் கட்டு. அவனுடைய அம்மா வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"மன்னிச்சுக்கங்க ஆர்விட். என்னால உங்களுக்கெல்லாம் எவ்வளவு அலைச்சல். சத்தியமா எனக்கு ஒரு நாத்தமும் தெரியல. ஆனா நீங்களே இருந்துச்சுன்னு சொன்னீங்களாமே. அப்ப எனக்குத்தான் என்னமோ... புத்தி எங்கயோ இருந்திருக்கு."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். என்னிடம்!

குழந்தைகளின் துணியை எடுக்க வந்திருந்த அவன் மனைவி கிறிஸ்டி வாசலிலேயே நின்றாள். அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாளாம். "கை வெந்தது ஆறிடும். தெரிஞ்சே செஞ்சாரே, அதை நான் எப்படி ஆத்திக்கறது? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்து ஸ்டீரிங்கைக் குத்தினேன். நீயெல்லாம் ஒரு ஆளாடா.

பிப்ரவரி 17, திங்கள்

லோர்னாவிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சல், அட்டை, வெஸ் வீட்டில் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன். ஆனா டுவேனும் நாத்தம் இருந்துச்சுன்னானே?"

அவனைக் கூப்பிட்டாள். வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அந்தக் காய்ச்சல் இவனுக்கு மட்டுமா வந்துச்சு? ஒரே வண்டியிலதானே சுத்துறோம். எனக்கும் அக்டோபர்லேர்ந்து கிடையாது. இவன் ஆமான்னான், நானும் ஆமான்னேன்."

"ஜனவரியில அட்டையைச் சுரண்டிட்டு மூஞ்சியைச் சுளிச்சியேடா?" என்றேன்.

"நீ சுளிப்பேன்னு நெனச்சு முந்திக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அழுகையும். லோர்னா மேசையை ஓங்கி அறைந்தாள். "குளிர்காலம் பூரா ரெண்டு முண்டங்களை வீடு வீடா அனுப்பியிருக்கேன்! ஒருத்தனுக்காவது வாயைத் திறக்கத் தெரியல!" கத்திக்கொண்டே அதிகாரிக்குப் போன் போட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

தோண்டினார்கள். டாங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய் உறைந்த மண் அழுத்தி விரிசல் விட்டிருக்கிறது. கேஸ் களிமண்ணுக்குள் ஊறி ஊறித்தான் அடித்தளத்துக்குள் போயிருக்கிறது. நாற்றத்தையெல்லாம் மண் வைத்துக்கொண்டுவிட்டது. வெஸ்ஸுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

பிப்ரவரி 22, சனி

கிறிஸ்டியின் அக்கா வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது?

முழுவதும் கேட்டாள். "இத்தனை நாளா அவரை நான் என்னென்ன சொன்னேன் தெரியுமா? வெந்த கையை வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல. நீங்க அங்க நின்னு அதையும் பாத்தீங்க."

"ஆமா" என்றேன்.

"போயிடுங்க."

மார்ச் 19, புதன்

வீடுகளுக்குப் போகும் வேலை இனி எனக்கு இல்லை. போன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். டுவேன் கிடங்கில் சிலிண்டர் உருட்டுகிறான். லோர்னா இருவரையும் துரத்தவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் இருவருக்கும் இல்லை.

காலையில் ஒரு அழைப்பு. வெஸ். போன வாரம்தான் வீடு திரும்பினார்களாம்.

"ஆர்விட்டா? நாத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா அடித்தளத்துல இறங்கவே முடியல. முதல் படியிலயே நின்னுடறேன். சும்மா ஒரு தடவை யாராவது வந்து கருவியை வெச்சுப் பாத்தா..."

"இப்பவே அனுப்பறேன். எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க. சுவிட்சு எதையும் தொடாதீங்க."

"வீணா அலையவிடறேனோ?"

"இல்ல வெஸ். நீங்க கூப்பிட்டதுதான் சரி."

 அப்போது ஒரு பெண் குரல், போனுக்கு மிக அருகில், ஆனால் என்னிடம் இல்லை. "பேசி முடிச்சாச்சாங்க? கை வலிக்குது எனக்கு, இந்தக் காதுக்கு மாத்திப் பிடிக்கட்டுமா?"

அவன் கையால் இன்னும் போனைப் பிடிக்க முடியாது. கிறிஸ்டிதான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. ஆளை அனுப்பிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.