அதிரசம் என்று எழுதிய பார்சல்

அண்ணி,

இன்று காலை தபாலாபீசில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு சின்னப் பார்சலை இன்சூர் செய்துகொண்டிருந்தார். தைத்த துணியின்மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது வாய் திறக்காத கோழை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தஞ்சாவூரில் வாழப்போன உங்கள் மகள் மங்கை மூன்று மாதக் கர்ப்பம். போடுவதாகச் சொன்ன சங்கிலி வந்தால் இரு, இல்லாவிட்டால் கிளம்பு என்று மாமியார் சொல்லிவிட்டாள். அண்ணன் பக்கவாதத்தில் படுக்கை. எனக்கு மில்லில் லீவு இல்லை. அதனால் தபாலில் அனுப்பத் துணிந்தீர்கள். மங்கைக்குப் பிடித்த அதிரசத்தைத் தகர டப்பாவில் அடுக்கி, அடியில் சங்கிலியைத் துணியில் சுற்றி வைத்தீர்கள். என் கையில் ஒரு நோட்டைத் திணித்து, "தம்பி, இது இன்சூருக்கு. நகைன்னே சொல்லி எழுதிடு, மறந்துடாத" என்றீர்கள்.

மறக்கவில்லை அண்ணி. நகை என்று எழுதினால் வழியில் எவனுக்காவது கை அரிக்கும், பலகாரம் என்றால் யார் தொடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சாமர்த்தியம் பேசிக்கொண்டேன். நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்பினார்கள். ஆனால் உண்மை அதுவல்ல. மில் வாசலில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள், என் கையில் நோட்டு இருந்தது. அதிரசம் என்று எழுதி, வெறுமனே ரிஜிஸ்டர் செய்துவிட்டு, மிச்சத்தைக் குடித்தேன்.

பார்சல் போய்ச் சேரவில்லை. ஒரு மாதம் நடையாய் நடந்தோம். கடைசியில் குமாஸ்தா ரசீதைத் திருப்பிப் பார்த்து, "இன்சூர் பண்ணியிருந்தா எழுதுன மதிப்பு கெடைச்சிருக்கும்மா. அதிரசம்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு ஏதோ கொஞ்சந்தான் வரும். நகைக்கு நாங்க என்னா பண்ண முடியும்?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

அங்கேயே என்னை அறைந்திருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "நாந்தான் இன்சூரு வேணாம், காசு தெண்டம்னு சொன்னேன். தம்பி என்னா பண்ணும்?" என்றீர்கள். பாவி, நான் தலையாட்டினேன். சாகும்வரை அண்ணன் உங்களிடம் பேசவில்லை. மங்கை பெட்டியோடு வந்து இறங்கினாள். பிள்ளை பிறந்தும் அவள் புருஷன் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரே ஒரு தடவை உங்களைக் கேட்டேன். "படுத்துக் கெடக்குற மனுசன் உன்னையும் வெறுத்துட்டா, அப்புறம் யாரு மொகத்தப் பாப்பாரு? என்னைத் திட்டினா நான் பொறுத்துக்குவேன், போ" என்றீர்கள்.

இப்போது மங்கைதான் எனக்குச் சோறு போடுகிறாள். நேற்றும் பரிமாறிக்கொண்டே, "அம்மா அன்னிக்கு அந்தக் காசப் பாக்காம இருந்திருந்தா எம் பொழப்பு இப்புடி ஆயிருக்குமா சித்தப்பா? செத்தும் அவங்கள மன்னிக்க முடியல" என்று அழுதாள். தொண்டைவரை வந்தது அண்ணி, சத்தியமாக வந்தது. "போனவங்களத் திட்டாதம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் போட்ட சோற்றைத் தின்றேன்.