போர்வைக்குள் உன் இடம்

மச்சான்,

இன்று காலை கயல் நீலகிரித் தைலப் பாட்டிலைத் திறந்ததும் இந்தக் கடலூர் வீடு முழுக்க நீ வந்துவிட்டாய். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் என் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் உன் பேச்சுதான்.

கயல் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதாள். நான் ஓடிப்போய்த் தைலம் வாங்கி வந்து, அவள் மூக்கில் தடவ விரலை நனைத்தேன். சிதம்பரத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய நீ, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்தாய்.

"வேணாம் மாமா. பச்சக் கொழந்த மூக்குகிட்ட இத கொண்டு போவக் கூடாது. மூச்சு அடச்சிக்கும்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் தடவித்தான் வளத்தாங்க."

"தப்பிச்சிட்டீங்க மாமா" என்றாய். உன் அக்கா சிரித்துவிட்டாள். "வாயில போனா வலிப்பே வந்துடும்" என்று பாட்டிலை இறுக மூடி பீரோ மேல் வைத்தாய். டாக்டரும் அதையே சொன்னார். பெற்றவன் நான், பெயர் வாங்கியது நீ.

திருவதிகையில் காது குத்தியபோது அவள் உன் மடியில் இருந்தாள். தாய்மாமன் மடிதான் முறை, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் வீறிட்டு அழுதவள், நான் கை நீட்டியும் வராமல் உன் சட்டையையே பிடித்துக்கொண்டாளே, அது எந்த முறையில் வருகிறது?

பள்ளிக்கூடம் போகும் வயதில் சளி பிடித்தால், "மாமாவ வரச் சொல்லுங்க" என்பாள். நீயும் பஸ் ஏறி வருவாய். வெந்நீர்ச் சட்டியைச் சாயாமல் தரையில் வைத்து, தைலம் ஓரிரு சொட்டுக்கு மேல் விடமாட்டாய். "கண்ண மூடிக்க. எரிஞ்சா சொல்லு, எழுந்துடலாம்." பிறகு ஒரே போர்வைக்குள் இருவரும். உள்ளே என்ன பேசுவீர்களோ, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நான் துண்டோடு வெளியே நிற்பேன். போர்வையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று இருக்கும். எனக்கு உன்மேல் பொறாமை, மச்சான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

என் முழங்காலுக்குக்கூட நீதான் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து கொடுத்தாய். அப்படியே தேய்த்தால் தோல் எரியும் என்றாய். வலி குறைந்தது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று மாப்பிள்ளை, பேரனுக்கும் சளி ஒட்டிவிடக் கூடாதென்று அவன் நெஞ்சில் கொஞ்சம் தடவலாமே எனப் பாட்டிலை எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் கயல் முந்திக்கொண்டாள். "பச்சக் கொழந்தைக்கு ஆவாதுங்க. எங்க மாமா சொல்லியிருக்காரு."

அவளுக்குத்தான் சளி. சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போர்வையை விரித்தாள். "நீங்களும் வாங்கப்பா. உங்களுக்கும் மூக்கடச்சிருக்குல்ல."

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த அழைப்பு. முழங்கால் வலியைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"தைலம் ஜாஸ்தியாம்மா? எரியுதா?"

"இல்லப்பா. மாமா ஞாபகம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் பாட்டிலை இறுக மூடி, பேரனுக்கு எட்டாமல் பீரோ மேல் வைத்தேன்.

பொறாமை இன்னும் போகவில்லை, மச்சான். ஆனாலும் நீ உள்ளே சிரித்துக்கொண்டிருந்தால் போதும், நான் துண்டோடு வெளியிலேயே நின்றிருப்பேன்.