படிக்கிறவன் முறம்

அண்ணாத்தே, என் பக்கத்து முறத்துக்கார ஏகாம்பரமே,

உனக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதையெல்லாம் நீ காதால் கேட்டதோடு சரி. அதனால் இந்தக் கடிதத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். இராயபுரத்தில் என் மாடி அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கீழ்வீட்டு அம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எழுத்துக்கார ஐயா தனியா பேசிகினு கீறாரு, பாவம்" என்று சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. நீ போன அன்று நான் மதுரையில் இருந்தேன். ஒரு வாசகசாலையில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று கேள். நன்றியுணர்ச்சியைப் பற்றி. எர்ணாவூர்ச் சுடுகாட்டில் உனக்குக் கொள்ளி வைத்த நேரத்தில், நான் கழுத்தில் மாலையோடு, உதவியவர்களை மறக்கக் கூடாது என்று ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

உன் தம்பி இப்போது பெரிய மனிதன், அண்ணாத்தே. எப்படி முன்னேறுவது, எப்படிச் சோர்வை விரட்டுவது, எப்படித் தாராளமாக வாழ்வது என்று சின்னச் சின்னப் புஸ்தகங்களாகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். தினம் தபால்காரன் கடிதம் கொண்டுவருகிறான். ரங்கூனிலிருந்துகூட ஒருவர் எழுதுகிறார். எல்லோருக்கும் நான் "மகா கனம் பொருந்திய ஐயா". "டேய் கோயிந்து, நீ செஞ்சது தப்புடா" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. இது எவ்வளவு பெரிய வெறுமை என்று என் புஸ்தகம் எதிலும் நான் எழுதியதில்லை. எழுதினால் யார் வாங்குவார்கள்?

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். திருவொற்றியூரில் ரயில் பாதையோரம் ஒரு பீடிக் கொட்டகை இருந்தது. நீயும் நானும் அங்கே பீடி சுற்றினோம்; கூடப் பிறக்காவிட்டாலும் அங்கேதான் அண்ணன் தம்பி ஆனோம். காலையிலிருந்து மத்தியானச் சோறு வரைக்கும் ஒருவன் பலகைமேல் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உரக்கப் படிப்பான். பத்திரிகை, பெரிய எழுத்துக் கதைப் புஸ்தகம், எது கிடைத்தாலும் படிப்பான். படிக்கிற நேரத்தில் அவனால் பீடி சுற்ற முடியாதல்லவா? அதற்காக மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி பீடியை அவன் முறத்தில் போட்டுவிடுவார்கள்.

அந்த முறத்தைப் படிக்கிறவன் முதுகுக்குப் பின்னால்தான் வைப்பார்கள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று அவனுக்குத் தெரியக் கூடாது. மத்தியானம் வரை அவன் திரும்பியும் பார்க்கக் கூடாது. யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது, ஆனால் நல்ல மனசுக்காரன் ஏற்படுத்தியதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்த பயல் என்பதால், அந்தப் பலகை எனக்கு வந்தது.

கடைசி ஒரு வருஷம் நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். கதைப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, நானே எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். ஊக்கம், ஒழுக்கம், நேரத்தின் அருமை என்று காகிதம் காகிதமாக எழுதிக்கொண்டு வருவேன். எழுதுகிறவனுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்குமே, இதை யாராவது கேட்பார்களா என்று. எனக்கும் இருந்தது. ஆனால் மத்தியானம் திரும்பிப் பார்த்தால் முறம் நிரம்பியிருக்கும். ஒருநாள் தப்பாமல் நிரம்பியிருக்கும். சரி, இவர்களுக்குப் பிடித்திருக்கிறது, நான் எழுத்தாளன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நம்பிக்கையில்தான் கொட்டகையை விட்டு அச்சாபீஸ் வாசலுக்குப் போனேன்.

என் முதல் புஸ்தகத்தின் முதல் பக்கமே அந்த முறம்தான். என் சொல்லைக் கேட்டு மகிழ்ந்த தோழர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கை உழைப்பால் என் முறத்தை நிரப்பினார்கள், நல்ல எழுத்துக்கு உலகம் தானாகவே கொடுக்கும் என்று எழுதினேன். கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத்தான் சொல்லி உருகுகிறார்கள். இத்தனை வருஷம் நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ராசியில்லாத நாளில், ஒரு வரிகூட ஓடாத நாளில், அந்த நிரம்பிய முறத்தை நினைத்துக்கொள்வேன்.

மதுரைப் பக்கத்துக் கூட்டங்களையெல்லாம் முடித்துத் திரும்பியபோதுதான் சேதி தெரிந்து, உன் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. உன் பெண்சாதி, என் அண்ணி, வாசல் நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். உன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். கடைசி வாரம் இருமல் நின்றுவிட்டது, அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன் என்றாள். ஆறுதல் சொல்வதற்கென்றே தனியாக ஒரு புஸ்தகம் எழுதியவன் நான், அண்ணாத்தே. ஒரு வார்த்தை வரவில்லை.

அதனால் பையிலிருந்த புஸ்தகத்தை எடுத்தேன். புதுப் பதிப்பு வரப்போகிறது, முறத்தைப் பற்றிய பக்கத்தை அண்ணன் பெயருக்குக் காணிக்கை ஆக்கப்போகிறேன் என்று சொல்லி, படித்தும் காட்டினேன். பாதியிலேயே அண்ணி சிரித்துவிட்டாள்.

"இன்னா தம்பி இது. இத்தயா ஊரு பூரா அச்சு போட்டுக் குடுத்துகினு கீற?"

"ஏன் அண்ணி?"

"யாரு போட்டா உனக்கு? நீ கதை படிச்ச வரிக்கும் எல்லாரும் போட்டாங்க, இல்லன்னு சொல்லல. நீ சொந்தமா எழுதிகினு வந்து படிச்ச பாரு, அந்த வாரமே நிறுத்திட்டாங்க. 'கதை படிக்கச் சொன்னா புத்தி சொல்றான், இவனுக்கு இன்னாத்துக்கு பீடி சுத்திப் போடணும்'னு கேட்டாங்களாம்."

நான் புஸ்தகத்தை மூடினேன். "அப்போ முறம் எப்படி நிரம்பியது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க அண்ணன்தான். மேஸ்திரி கால்ல கையில வுழுந்து எல வாங்கியாந்து வூட்ல சுத்துவாரு. துண்டுல மூட்டை கட்டிகினு போயி, நீ படிச்சிகினு இருக்கச்சொல்ல கொட்டிடுவாரு. உன்கிட்ட சொன்னா கைய ஒடச்சிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு."

"ஒரு வருஷமா?"

"மேலயே இருக்கும். ஒருத்தரால ஆவுமா தம்பி? பாதி நான் சுத்துனது." பாதி பீடியைச் சுற்றியது தனகோட்டி அண்ணி. இதைச் சொல்லும்போதும் அவள் கை நிற்கவில்லை. இலையை மடித்து, தூளை வைத்து, உருட்டி, நூலைக் கட்டிக்கொண்டே இருந்தது.

கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். அண்ணனுக்காவது என் எழுத்து பிடித்திருந்ததா என்று. நப்பாசைதான், வேறென்ன.

"ஒண்ணும் புரியலம்பாரு. 'ஆனா படிக்கச்சொல்ல அவன் மூஞ்சி நல்லா கீது தனம்'பாரு. 'அப்பன் ஆத்தா இல்லாதவன். இத்தயும் புடுங்கிட்டா அவனுக்கு இன்னா கீது'ம்பாரு."

அன்றைக்கு ஜட்கா ஏறாமல் திருவொற்றியூரிலிருந்து இராயபுரம் வரைக்கும் நடந்தே வந்தேன். உனக்கு ஒன்று ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது, உன்மேல். யார் கேட்டது உன்னை? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த முறத்தைக் காலியாக விட்டிருந்தால், நான் தலைகுனிந்து கதைப் புஸ்தகத்தை மறுபடி எடுத்திருப்பேன். உங்களோடேயே இருந்திருப்பேன். உன் கடைசி இருமல் வரைக்கும் உன் பக்கத்து முறத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இப்படி மாடி அறையில் ஊராருக்கெல்லாம் சொந்தமாகி, ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் கிடக்க மாட்டேன்.

கோபம் இறங்க நாலைந்து நாள் ஆயிற்று. அப்புறம் வந்தது வெட்கம். கொட்டகைக்காரர்கள் நினைத்தது சரிதான். பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். பலகைமேல் உட்கார்ந்தவன் தரையில் உட்கார்ந்தவர்களுக்குச் சொன்ன புத்திதான் அத்தனையும். ஒரு வரியில்கூட ஒரு மனிதன் இல்லை. நீ இல்லை. நன்றியைப் பற்றி நான் எழுதியதெல்லாம், வாங்கியவன் பூரித்துப் போவதைப் பற்றித்தான். கொடுத்தவன் வீட்டில் அந்தச் சாயங்காலம் யார் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. உன் வீட்டில் எத்தனை முறை சோறு தின்றிருப்பேன்? அண்ணியின் விரல் நுனியை நான் ஒரு தடவை கவனித்திருக்கிறேனா?

தாராளம் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. புரியாத ஒன்றுக்காக, அதைச் சொல்கிறவன் முகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக, ஒரு வருஷம் உழைப்பதா? அதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது? அதைப் பழகுவதற்கு என்ன வழி என்று வாசகனுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

அச்சாபீஸ்காரரிடம் போய், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், உண்மையை எழுதித் தருகிறேன் என்றேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், என் புஸ்தகத்தால் வாழ்கிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கத்த எடுத்துட்டா புஸ்தகத்துல என்ன இருக்கு? அதப் படிச்சிட்டுதான எல்லாரும் உருகுதாவ. கேட்டவங்களுக்கே பிடிக்கலன்னு நீங்களே அச்சுப்போட்டுச் சொன்னா, இனி உங்க பேச்ச எவன் கேப்பான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பக்கம் வெளியானால் மதுரைக்காரர்கள் மறுபடி என்னைக் கூப்பிட மாட்டார்கள். தபால்காரனும் வராமல் போகலாம். எனக்கு இருப்பது அந்தக் கடிதங்கள் மட்டும்தான், அண்ணாத்தே. அவற்றையும் விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று மூன்று வாரம் யோசித்தேன். மூன்று வாரமும் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்குத் தைரியமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். இந்தக் கடிதத்தை அதுவரைக்கும் எழுதியிருந்தேன். அண்ணி அதே வாசலில்தான் இருந்தாள். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். அவளோ என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"இன்னா, எழுதிகினு வந்தியா? படி, கேப்போம். கொட்டாய்ல பொம்பளைங்கள வுடமாட்டாங்க. ஊரே கேட்டுது உன்னிய. அத்தினி சுத்துனேன், ஒரு வார்த்த நான் கேட்டதில்ல."

அண்ணாத்தே, அது எனக்கு உறைத்த மாதிரி வேறெதுவும் இதுவரை உறைத்ததில்லை. கேட்டவர்கள் கொடுக்கவில்லை. கொடுத்தவள் கேட்கவே இல்லை. ஒரு வருஷம் எனக்காக உழைத்தவளுக்கு நான் ஒரு வரி படித்துக் காட்டியதில்லை.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்து படித்தேன். அவள் தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே கேட்டாள். மதுரை வந்தது, முறம் வந்தது, நீ துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு போனது வந்தது. பாதி பீடியைச் சுற்றியது தனகோட்டி அண்ணி என்ற இடம் வந்தபோது அவள் கை நின்றது.

"இன்னா சொன்ன? என் பேரா?"

"ஆமாம் அண்ணி."

"அச்சுல வருமா?"

"வரும்."

மடியிலிருந்த இலையை அவள் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்த இன்னொரு தரம் படி."

படித்தேன். இன்னொரு தரம் என்றாள். மறுபடி படித்தேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. அவள் அழவில்லை, அண்ணாத்தே. நான்தான் அழுதேன்.

அச்சாபீஸ்காரர் என்ன சொன்னாலும், இந்தக் கடிதத்தை நாளை அவரிடம் கொடுத்துவிடுவேன். பழைய பக்கம் இருந்த இடத்தில் இது வரும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நான் எதை எழுதினாலும் முதலில் அண்ணி வாசலில் உட்கார்ந்து படிப்பேன். அவள் கொட்டாவி விட்டால் கிழித்துப் போடுவேன். நீ என் காதில் போடாமல் மறைத்ததை அவள் முகத்துக்கு நேரே சொல்லுவாள், அதையும் கேட்டுக்கொள்வேன். ஒன்றும் எழுத வராத ஞாயிற்றுக்கிழமையிலும் போவேன், அவள் பெயர் இருக்கிற இடத்தை மட்டும் படித்துவிட்டு வருவதற்கு.

தன் அண்ணியை இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்ட உன் தம்பி,
கோயிந்து