என் கையெழுத்தில் ஒரு தீர்மானம்

ஜூலை 3, திங்கள்

மூட்டம். மழை இல்லை. கட்டுரை நோட்டு திருத்த இன்னும் இருபது பாக்கி. விளக்குக்குக் கண்ணாடி வாங்க வேண்டும்.

நீவா ஆற்றுப் பக்கத்து மைதானத்தில் பேசும் படத்துக்குக் கூடாரம் போட்டுவிட்டார்கள். காலையில் மாட்டுவண்டி, தப்பட்டை, நோட்டீசு, எல்லாம் நம் மிஷன் தெருவுக்குள்ளும் வந்தது. மகள் லில்லி ஒரு நோட்டீசை எடுத்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள், நான் பார்ப்பேன் என்று தெரிந்தே. இருபது வயது, டீச்சர் ட்ரெயினிங் முடித்த பெண். இஸ்திரி போடும்போதுகூட சினிமாப் பாட்டு. மெட்டு மட்டும், வார்த்தை கிடையாது. வார்த்தை இல்லாவிட்டால் நைனாவுக்குத் தெரியாதாம்.

இப்போது ஞானத்துக்கும் ஆசை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இரண்டோ மூன்றோ.

“ஒரே ஒரு வாட்டி பாத்துட்டு வரட்டுமாங்க? படம் பேசுதுன்றாங்களே.”

“நீ சபை மூப்பர் பொண்டாட்டி.”

“படத்துக்கு அது இன்னா தெரியும்?”

நான் சிரிக்கவில்லை. போன வருஷம் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தவன் நான். ‘பேசும் படம் பார்க்கும் சபையார் அடுத்து வரும் இராப்போஜனப் பந்தியிலிருந்து தள்ளிவைக்கப்படுவார்கள்.’ மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்து. அப்பமும் திராட்சரசமும் வாங்கும் அந்தப் பந்தி மூன்று மாதத்துக்கு ஒரு தரம். முதலில் மாட்டினவர் தேவதாசு, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கமிட்டி மெம்பரும்கூட. பந்திக்கு முந்தின வெள்ளி ஆயத்த ஆராதனையில் பெயர் வாசித்தோம், எழுந்து நின்றார். தண்டனை முடிந்தபோதும் பெயர் வாசித்தோம், எழுந்து நின்றார். அதுதான் முறை.

ஜூலை 5, புதன்

ஞானத்துக்குக் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. டாக்டரம்மா சொன்னது: இதயம் பலவீனம், உப்பு ஆகாது, படி ஏறக்கூடாது.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னுவாங்க. நான் அதைத்தான் துன்னுக்கினு இருக்கேன்.” இது ஞானம், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து.

நாளை திருப்பதி, வாத்தியார்கள் கூட்டம். எடுத்துப்போக: கோட்டு, குடை, ரிப்போர்ட்டு, பல்பொடி.

ஜூலை 7, வெள்ளி. திருப்பதி

தம்பி வீட்டில் தங்கல். வெக்கை. தெலுங்கில் மூன்று மணி நேரப் பிரசங்கம், பாதி தூக்கம்.

சாயங்காலம் ஞானத்துக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு சினிமாக் கொட்டகை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பாடினாள். நின்றேன். பாட்டு முடியும்வரை நின்றேன். அடுத்த பாட்டுக்கும் நின்றேன். பக்கத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம், மொட்டைத் தலையெல்லாம் சந்தனம். அந்த வீட்டுக்காரர் என்னிடம், “பாக பாடுதுந்தி கதா சார்?” என்றார். நன்றாகத்தான் பாடுகிறாள் என்று நானும் தலையாட்டினேன்.

உள்ளே போகவில்லை. ஒன்றும் பார்க்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் லில்லி சொல்லிவிட்டாள்.

“நைனா, வெள்ளிக்கிழமை அம்மாவைப் படத்துக்கு இட்டுக்கினு போனேன். ஜட்காவுல. அம்மா மேல கோவிச்சுக்காதீங்க.”

வெள்ளிக்கிழமை. அதே சாயங்காலம்.

ஞானத்தின் முகத்தில் பயம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. பொம்பளைங்க பக்கம் மணலில் உட்கார்ந்தார்களாம். நாலு தரம் ரீல் அறுந்ததாம். மற்றதை அவளே சொன்னாள்:

“அதுல ஒருத்தி நாற்காலியில உக்காந்துக்கினு பேசறா. புருஷன் நின்னுக்கினு கேக்கறான். யாரும் சிரிக்கலை. நானும் சிரிக்கலை.”

“அது சினிமா” என்றேன்.

இதை அவள் சொல்லும்போது கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், வீங்கின காலோடு. நாற்காலியில் நான். வழக்கம் அப்படி. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தகரச் சுவர் விஷயத்தை நான் சொல்லவில்லை.

ஜூலை 22, சனி

கமிட்டிக் கூட்டம். சபைக் கூரைக்கு ஓடு. ஞாயிறு பள்ளிக்குப் புதுப் பாய். மூன்றாவது, பந்தி ஒழுங்கு. சபைப் போதகர் ஐயர் கேட்டார், “தள்ளிவைக்க யாராச்சும் உண்டா?” எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேவதாசு அவர் பாட்டுக்கு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனம் எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது. எழுந்தேன். “என் வீட்டுப் பேர் ரெண்டு இருக்கு” என்றேன்.

“மாஸ்டர், அம்மாவுக்கு உடம்பு...” என்றார் ஐயர்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஐயரே.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்த நடை. எவ்வளவு பெரிய முட்டாள். மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல நெஞ்சு நிமிரவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஆயத்த ஆராதனை. லில்லி பெயர் வாசித்ததும் சட்டென்று எழுந்தாள், யாரையும் பார்க்கவில்லை. ஞானம் பெயருக்கு நேரமாயிற்று. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டது. நான் ஆண்கள் பக்கம், மூப்பர் நாற்காலியில்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பந்தி. அப்பத்தைத் தட்டில் ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்தவன் நான். கடைசிப் பெஞ்சில் இரண்டு பேர். அவர்களைத் தாண்டிப் போனேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

மழை. நோட்டுப் புத்தகம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. ஞானத்துக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. என் நாற்காலியில் தலையணை அடுக்கி உட்கார வைத்திருக்கிறோம், பகலும் ராவும். கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன்.

“பாருங்க. படத்துல போலவே” என்றாள் இன்று. நான் நின்றுகொண்டிருந்தேன், கையில் கிண்ணத்தோடு.

அப்போது சொன்னேன். திருப்பதி, தகரச் சுவர், இரண்டு பாட்டு, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“எப்படிப் பாடினா?”

“நல்லாப் பாடினா.”

“உள்ள போயிருக்கலாமே. பாவம், வெளியிலயே நின்னுக்கினு இருந்தீங்களா?”

கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஐயர் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். “அம்மா, கமிட்டி ஒண்ணும் சொல்லாது. வாங்கிக்கோங்க.”

“தேவதாசு பொறுத்துக்கினு இருந்தாரில்ல ஐயரே. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? நவம்பர்ல எல்லாரோடயும் வாங்கிக்கிறேன்.”

“ஞானம், வாங்கிக்கோ” என்று நானும் கெஞ்சினேன்.

“உங்க கையெழுத்தாச்சே” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஐயர் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 20, புதன்

நேற்று விடியற்காலை. உட்கார்ந்தபடியே. லில்லி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று அடக்கம். பெட்டி தூக்கினவர்களில் தேவதாசும் ஒருவர்.

செப்டம்பர் 30, சனி

பால் பாதி போதும் என்று சொல்ல வேண்டும். அவள் செருப்பு. மருந்துப் புட்டிகளைத் திருப்பித் தர வேண்டும். லில்லி பாடுவதை நிறுத்திவிட்டாள். இஸ்திரிப் பெட்டிச் சத்தம் மட்டும். பாடம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை.

அக்டோபர் 28, சனி

கமிட்டிக் கூட்டம். தீர்மானத்தை நீக்கிவிடலாம் என்று சொன்னேன். சொன்னவுடன் எல்லாரும் சரி என்றார்கள். ஒரே நிமிஷம். போன வருஷம் இதைக் கொண்டுவர இரண்டு மணி நேரம் பேசினேன்.

என் இரண்டு பாட்டையும் சொன்னேன். என் பெயரையும் வாசியுங்கள் என்றேன். நீக்கின சட்டத்துக்குத் தண்டனை இல்லை என்றார் ஐயர்.

தண்டனைத் தவணை முடிந்தவர்கள் பட்டியலை என்னையே எழுதச் சொன்னார்கள், எப்போதும் எழுதுகிறவன் என்று. இரண்டு பெயரும் எழுதினேன். ஐயர் பார்த்தார். “மாஸ்டர், இது...” என்றார். “தண்டனை வாசிச்சோம். முடிஞ்சதையும் வாசிக்கணும்” என்றேன்.

நவம்பர் 3, வெள்ளி

காலையிலிருந்து விடாத மழை. ஆயத்த ஆராதனைக்கு முப்பது பேர் இருக்கும். நான் மூப்பர் நாற்காலிக்குப் போகவில்லை. கடைசிப் பெஞ்சு.

ஐயர் லில்லி பெயரை வாசித்தார். எழுந்து நின்றாள்.

ஞானம் பெயரை வாசித்தார். நான் எழுந்து நின்றேன்.