ஊசி ஏறும்வரை

இஞ்சாருங்கோ,

கூப்பிட்டால் முதல் முறையில் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத மனுசன் நீங்கள். இப்போதும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கேட்டால் கேளுங்கள், விட்டால் விடுங்கள். எனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

காரை நான் விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி ஜேர்மனியில் இருந்து அடிக்கடி ரெலிபோன் எடுக்கிறார். "அண்ணி, அந்தப் பழைய டீசலை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்கிறார். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வீட்டு மூலையில் இருந்துகொண்டு, அவர் மனைவி ஊற்றித் தருகிற தேத்தண்ணியைக் குடித்துக் காலந்தள்ள எனக்கு மனமில்லை. எனக்குக் கையும் காலும் இருக்கிறது. லைசென்சும் இருக்கிறது. அதை எடுத்த பிறகும் நீங்கள் என்னை ஒருநாள் ஸ்ரியறிங் பக்கம் விட்டீர்களா? இப்போது தினமும் நான்தான் ஓட்டுகிறேன். என்ன செய்வீர்கள்?

நீங்கள் கண்மூடினபின் எனக்குக் கிடைத்த வேலை காரை நம்பித்தான் கிடைத்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில், நம் வீட்டில் இருந்து நாலைந்து தெரு தள்ளி, இந்த ஊர்க்கார வயதான அம்மா ஒருவர் தனியே இருக்கிறார்; இங்கே எல்லாப் பெண்களையும் கூப்பிடுகிறமாதிரி சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு இளைப்பு வருத்தம். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூச்சுக்கு வைத்தியம் செய்வித்துக் கொண்டுவர வேண்டும். பிறகு சமையல், வீட்டு வேலை. அந்த வேலையைக் காட்டித்தான் நான் இங்கே தங்க விடுகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவேண்டும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், பெர்மெஸ்ஸோ போனால் தம்பி வீட்டுத் தேத்தண்ணிதான். அதனால் வேலையை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

மாரிக் குளிர் தொடங்கியதும் உங்கள் கார் தன் குணத்தைக் காட்டியது. ஒருநாள் விடியத் திறப்பைத் திருப்பினால் இருமியது, வெள்ளைப் புகை விட்டது, படுத்துவிட்டது. அன்று சிஞ்ஞோராவை டாக்சியில் அனுப்பிவிட்டு, பல்லரோ சந்தைக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் தூரியைக் கூட்டிவந்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, நாலு கந்தெலெத்தே வேண்டும், புதிது, இல்லாவிட்டால் இது எழும்பாது என்றார்.

கந்தேலா என்றால் மெழுகுதிரி. சிஞ்ஞோரா வீட்டில் கரண்ட் நிற்கும்போதெல்லாம் காதில் விழுந்த சொல். அப்படியென்றால் கந்தெலெத்தே சின்ன மெழுகுதிரிதானே? பரவாயில்லை, கைமுழுக்க எண்ணெய் பூசின மனுசனுக்கும் நல்ல பக்தி இருக்கிறது என்று நினைத்தேன். நாலு மெழுகுதிரி வாங்கினேன். இரண்டை அவர்களின் கோயிலில், ஊரைக் காக்கிற சாந்தா ரொசாலியாவுக்குக் கொளுத்தினேன், இரண்டை வீட்டில் எங்கள் பிள்ளையாருக்கு. ஒருவருக்கொருவர் கோபம் வரக்கூடாதல்லவா?

சிரிக்காதீர்கள். அடுத்தநாள் கார் ஒரே திருப்பில் ஸ்ரார்ட் ஆனது! அன்று ஆபிரிக்காப் பக்கத்தில் இருந்து சூட்டுக்காற்று அடித்து ஊரே வியர்த்தது என்பதை நான் கவனிக்கவில்லை. காற்று மாறிய அன்றே கார் மறுபடியும் படுத்தது. நேரே தூரியிடம் போய், நீங்கள் சொன்னபடி நாலையும் கொளுத்தினேன், பலிக்கவில்லையே என்று கேட்டேன். மனுசன் பழைய ரயர் ஒன்றில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு பென்சில் பருமனில் ஒரு இரும்புத் துண்டைக் காட்டினார். ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன் டீசல் எஞ்சினின் உள்பக்கத்தைச் சூடாக்குகிற சாமான். அதுதான் கந்தெலெத்தே. நாலையும் மாற்றித் தந்தார்.

கார் எழும்பியது, ஆனால் சூடாகவில்லை. நான் உங்கள் சொல்லைத்தான் கடைப்பிடித்தேன். "இஞ்சாரும், சூட்டு ஊசி ஏறாமல் காரை எடுக்கப்படாது. எஞ்சினுக்குக் கூடாது" என்று எத்தனைதரம் சொல்லியிருப்பீர்கள்! நீங்கள் செய்ததுபோலவே விடிய எழும்பி, வீட்டடி ஒழுங்கைக்குள் எஞ்சினைப் போட்டுவிட்டு அரைமணித்தியாலம் காத்திருந்தேன். டாஷ்போர்டில் ஊசி அசைந்ததோ இல்லையோ, மேல்மாடிக் கார்மேலா அசைந்துவிடும். பல்கனியில் நின்று, உடுப்பெல்லாம் புகை மணக்குது என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி அந்த மனுசி கத்தும்.

சிஞ்ஞோரா ஏறும்போது காருக்குள் ஐஸ்பெட்டிக் குளிர். ஹீற்றரைப் போட்டால் இன்னும் குளிர்காற்று. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை இருமிக்கொண்டே வருவார். ஒருநாள் இறங்கும்போது கோபமில்லாமல்தான் சொன்னார், இன்னொருதரம் இப்படி நடுங்கிக்கொண்டு வரமாட்டேன், வேறு கார் உள்ள ஆளைப் பார்க்கும்படி மகனிடம் சொல்லப்போகிறேன் என்று. இருதரம் கேட்டு ஒரு நாள் தவணை வாங்கினேன்.

அன்று பின்னேரமே தூரியிடம் போனேன். இந்தக் காரைக் கெதியாய்ச் சூடாக்க வழி சொல்லாமல் இங்கிருந்து போகமாட்டேன் என்று வாசலில் நின்றேன். வழியை அவர் உடனே சொன்னார். டீசல் எஞ்சின் சும்மா நின்றால் சூடேறாது. வேலை செய்தால்தான் ஏறும். ஸ்ரார்ட் ஆனதும் எடுக்க வேண்டும், உறுமவிடாமல் மெதுவாக ஓடவேண்டும், ஊசி ஏறத் தொடங்கும்வரை ஹீற்றர் காற்றைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனுசன் அப்படிச் செய்யவில்லையே, நிறுத்தி வைத்துத்தானே சூடாக்கினவர் என்று கேட்டேன். தூரி கைத்துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.

"உம்முடைய மனுசனுக்கு ஒவ்வொரு மாரியும் சொன்னனான். ஓம் ஓம் எண்டு தலையாட்டுவார். அவருக்கு வடிவாய்த் தெரியும், சிஞ்ஞோரா."

ஒருநாள் விடிய அவர் நம் ஒழுங்கையால் வந்தாராம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். வீணாய் டீசலை எரிக்கிறீரே என்று சொல்லக் கிட்டப்போனாராம். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததாம். நீங்கள் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தீர்களாம், தோள் குலுங்கினதாம். தட்டப்போன கையை எடுத்துக்கொண்டு அவர் திரும்பிவிட்டாராம்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எஞ்சினுக்காக நீங்கள் அங்கே இருக்கவில்லை.

அது எந்த மாரியில் தொடங்கியது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தேன். மாமி, உங்கள் அம்மா, மோசம்போன மாரி. செய்தியே ஊரில் இருந்து பிந்தித்தான் வந்தது. அப்போது பெர்மெஸ்ஸோ இல்லை, சண்டையால் ஊருக்குப் பாதையும் இல்லை, போய்க் கொள்ளிவைக்க வழியில்லை. மூன்று குடும்பம் இருந்த வீட்டில் நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போட்டீர்கள். நல்ல நெஞ்சுரம் என்று சனம் கதைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். குசினிக்கும் வரிசை, குளியலறைக்கும் வரிசை நின்ற அந்த வீட்டில், ஒரு மனுசன் எங்கே போய் அழுவான்? எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்றா அங்கே போனீர்கள்? என்னைக் கூப்பிட்டிருந்தால் பக்கத்துச் சீற்றில் வந்து இருந்திருக்கமாட்டேனா? எனக்கு உங்களில் கோபம் கோபமாய் வருகிறது. அதைவிடக் கூடப் பாவமாய் இருக்கிறது.

அடுத்தநாள் உங்கள் சொல்லை மீறினேன். ஸ்ரார்ட் ஆனதும் எடுத்தேன். நேரே சிஞ்ஞோரா வீட்டுக்குப் போகாமல், கப்பல்கள் நிற்கிற துறைமுகப் பக்கத்தால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். கை விறைத்தது, ஹீற்றரைத் தொடவில்லை. நேப்பிள்ஸ் கப்பலில் வந்த லொறிகள் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தன, அடிக்கட்டும் என்று விட்டேன். துறைமுகத்தைத் தாண்டும்போது ஊசி எழும்பியது. காற்றைத் திறந்தேன், காலில் சூடு பட்டது. ஏய், என்று தனியே கத்தினேன்.

சிஞ்ஞோரா ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும் கழுத்துச் சால்வையைக் கழற்றி மடியில் வைத்தார். ஆஸ்பத்திரி வாசலில், மகனுக்குச் சொல்லவேண்டிய தேவை இல்லை என்றார். அன்றிரவு தம்பிக்கு நானே ரெலிபோன் எடுத்து, நான் வரவில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வருகிற மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். அதற்காக ஒரு வாக்குத் தருகிறேன். மற்ற நாளெல்லாம் இந்தக் காரை நான் ஒரு நிமிசமும் சும்மா நிறுத்தி வைக்கமாட்டேன், ஸ்ரார்ட் ஆனதும் எடுத்து வேலைக்குப் போய்விடுவேன். அன்றைக்கு மட்டும், படையல் சமைக்கத் தொடங்குமுன், கீழே வந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, எஞ்சினைப் போட்டு, ஊசி ஏறும்வரை உங்கள் சீற்றில் இருப்பேன். அது கெதியாய் ஏறாது என்று எனக்கும் தெரியும்.

கார்மேலா கத்தட்டும்.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட
உங்கள் மனைவி