நிழல் போன ஓடை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை, நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும், என் நினைப்பெல்லாம் அதுதான். அக்கா ஏன் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வருஷ மழையில் ஓடைக்கரை மரத்தின் கிளை முறிந்து சித்தப்பா வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்ததே, அதில் சித்திக்கு லேசான அடி என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்தோம், உண்மையில் தோள்பட்டையே நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு சித்தப்பா ஆள் வைத்துக் கரையில் ஒரு மரம் விடாமல் சாய்த்துவிட்டார். வீட்டுப் பக்கம் சாய்ந்ததை மட்டும் எடுத்தால் போதாதா என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரையும் என்ன சொல்வது, அரண்டு போயிருந்தார். வெயில் வந்த பிறகுதான் தெரிந்தது. முழங்கால் ஆழத் தண்ணீர், மேலே நிழலில்லாமல் மத்தியானத்தில் வெதுவெதுவென்று ஆகிவிடுகிறது, கல்லெல்லாம் பாசி. உதிர்கிற இலையைத் தின்று கிடந்த பூச்சிகள் போய்விட்டன, அவற்றைத் தின்ன வந்த மீனும் போய்விட்டது. வேரின் பிடிமானம் இல்லாமல் அடுத்த மழைக்கே கரை சரிந்து, ஓடையிலிருந்து அக்காவின் மீன்குஞ்சுத் தொட்டிகளுக்குப் போகிற தண்ணீர் சேறாகி, குஞ்சுகள் அத்தனையும் செத்து மிதந்தன. அவள் அழவில்லை, வாளி வாளியாக அள்ளிப் புதைத்தாள். அன்றோடு சித்தப்பாவிடம் பேச்சு அற்றுப்போனது.

போன வாரம் சித்தி தானே நடந்து வந்தாள். கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. "எனக்காகத்தான் வெட்டுனாரு. அந்தத் தண்ணியப் பாத்தா எனக்குச் சாப்பாடு எறங்கல. கன்னு நடணும், ஒத்தக் கையால குழி தோண்ட முடியல, நீ வா" என்று அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். வீட்டைவிட்டுத் தள்ளி எங்கெங்கே நடலாம் என்று சித்தப்பா குச்சி ஊன்றி வைத்திருந்தார். அவரும் அக்காவும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. நேற்று அவர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா இன்னொரு குடத்தை நிரப்பி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கன்றுகள் நிழல் தர எத்தனை வருஷம் ஆகுமோ, அதற்குள் மீன் திரும்புமோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு, கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையுமின்றி நீண்ட நாள் வாழ வேண்டும். அக்காவுக்குப் போன் போடு. தொட்டியைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவளே சொல்கிறவரை லைனில் இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா