சாயும் என்று காத்திருந்தேன்

மச்சாள்,

படகின் பைபரை அறுக்கும்போது எழும்புகிற மணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருமுறை மூக்கில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோறும் அப்படித்தான் மணக்கும். இன்று காலையிலிருந்து வளவு முழுக்க அந்த மணம்தான். உங்கள் ரெட்டைப் படகை அறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அறுக்கச் சொன்னது உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர். படகின் இரண்டு உடல்களையும் சேர்த்துப் பிடிக்கிற சட்டங்களை வெட்டி, தனித்தனிப் படகாக்கி, வாகரையில் தொழில் செய்கிற இரண்டு பேருக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். முன்பக்கத்துச் சட்டம் பாதி அறுந்தபோது கிரைண்டரின் வெட்டுத் தட்டு உடைந்துவிட்டது. வேறு தட்டு வாங்க மோட்டார் சைக்கிளில் புளியந்தீவுக்குப் போயிருக்கிறார். வேலைக்கு வந்த இருவரும் வேம்பின் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆகும். கடைக்காரரோடு கதை தொடங்கினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் நான் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். அன்று கடலில் பாய்க்கயிறு என் பொறுப்பில்தான் இருந்தது என்று அவரிடம் சொல்வதா, வேண்டாமா?

நீங்கள் இருந்திருந்தால், "விடுகா, அவனுக்கு அது என்னத்துக்கு" என்றிருப்பீர்கள். இரண்டு வருடமாக அதையேதான் சொன்னீர்கள். நானும் வசதியாகக் கேட்டுக்கொண்டேன். செத்துப்போனவரிடம் யோசனை கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறவள் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில் ஓர் ஏரிக்கரையில் பணக்காரரின் பாய்ப்படகுகளைக் கழுவித் துடைத்தே பாதி வயதைக் கழித்தவர் நீங்கள். கழுவிக் கழுவி அதை ஓட்டவும் பழகிக்கொண்டு, தனியாளாக ஊருக்கு வந்தீர்கள். வந்தவர் காணி வாங்குவார், வீடு கட்டுவார் என்று ஊரே பார்த்திருக்க, படகு கட்டினீர்கள். முகத்துவாரத்தால் கடலுக்கு இறங்கி, கரையோரமாகத் திருகோணமலை வரைக்கும், மூன்று நாள் நாலு நாள் படகிலேயே படுத்தெழும்பி ஆட்களைக் கூட்டிப் போகிற திட்டம் உங்களுக்கு. நான்தான் பாய்க்கயிறு பிடிக்க வேண்டும் என்றீர்கள். அங்கேதான் நமக்குள் வழக்குத் தொடங்கியது.

நான் அப்பாவின் ஒற்றைப் படகில் பாய் பிடித்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, ஆகவே நான். ஒற்றைப் படகில் காற்றுக் கூடினால் படகு சாயும். சாய்வது இடுப்புக்குத் தெரியும். இடுப்புக்குத் தெரிந்த மறு கணம் கை கயிற்றை விட்டுவிடும், பாய் தளர்ந்து படகு நிமிரும். இதில் மூளைக்கு வேலையே இல்லை. அப்படிப்பட்ட என்னிடம் வந்து, இரண்டு உடலும் நடுவில் வலையும் கொண்ட, மேசை மாதிரி அசையாமல் போகிற ஒன்றைக் காட்டி, இதுதான் கடலுக்கு நல்லது என்றால் நான் விடுவேனா?

மீன் கழுவுகிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தது நினைவிருக்கிறதா? ஒரு சிரட்டைக்குள் கல் வைத்து மிதக்கவிட்டீர்கள். பக்கத்தில் இரண்டு வாழைத்தண்டுத் துண்டுகளை ஈர்க்கால் பொருத்தி மிதக்கவிட்டீர்கள். சிரட்டையை விரலால் தட்டினால் ஒருபக்கம் சரிந்து, ஆடி ஆடிப் பழையபடி நிமிர்ந்தது. வாழைத்தண்டு அசையவே இல்லை. நான் அதைப் பிடித்துக் குப்புறப் போட்டேன். குப்புறவே கிடந்தது.

"பாத்தீங்களா மச்சாள், உங்கட படகு கவிண்டா நிமிராது."

"நிமிராதுதான். ஆனா தாழவும் மாட்டாதுகா. மேல ஏறிக் குந்தியிருந்தா ஆரும் வந்து எடுப்பாங்க. உன்ர சிரட்டைக்குத் தண்ணி வாத்துப் பாரு." நீங்களே வார்த்தீர்கள். கல்லோடு அடிக்குப் போனது.

"கவிண்ட பொறகு மிதந்தா என்ன, அமிழ்ந்தா என்ன? பேப்பரில நம்மட படம் வாறதுதான் மிச்சம்."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு முகத்துவாரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அடியில் ஈயப்பாரம் தொங்குகிற ஒற்றைப் படகு நம் மணல்திட்டைத் தாண்டாது, ரெட்டைப் படகுக்கு முழங்கால் தண்ணீர் போதும். வாகரையில் நினைத்த இடத்தில் கரையில் ஏற்றலாம். படுப்பவர்கள் உருண்டு விழமாட்டார்கள், கடலாட்டத்தில் வயிறு குமட்டிச் சத்தி எடுக்கமாட்டார்கள். அத்தனையும் சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னீர்கள். "இது சாஞ்சு காட்டாது. சாயும் எண்டு பாத்துக்கொண்டிராத. காத்து கூடினா உடன கயிற விடு." தலையாட்டினேன். தலைதான் ஆடியது. இடுப்பு கேட்கவில்லை.

ஆட்களை ஏற்றுமுன் கல்குடா வரை ஒருமுறை போய் வருவோம் என்று கிளம்பினோம், நீங்கள், நான், என் மகள். கச்சான் காற்றுக் காலம். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், இடப்பக்கமாக. மத்தியானம் வரைக்கும் சுகமாக ஓடியது. நீங்கள் சுக்கானில் இருந்தீர்கள். மகள் முன்வலையில் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு படுத்திருந்தாள். வெக்கை என்று மிதவை அங்கியின் கொளுக்கிகளைக் கழற்றிவிட்டிருந்தாள். நான் சோற்றுப் பொதியை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டுமென்று கயிற்றை, அதைக் கடித்துப் பிடிக்கிற பூட்டில் இறுக்கினேன். சாய்ந்தால் விடுவோம் என்று நினைத்தேன். அதை நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கரையில் தென்னைகளின் தலை காற்றில் ஒரே பக்கமாகத் திரும்பியது. நீங்கள்தான் முதலில் கண்டீர்கள்.

"கயிற விடுகா."

நான் பொதியைப் பார்த்தேன். சம்பல் வைத்த மூடி இம்மியும் நகரவில்லை. "எங்க சாயிது மச்சாள்? சும்மா பயப்பிடாதீங்க" என்றேன். நாம் பேசினில் தொடங்கிய வழக்கை நடுக்கடலில் வைத்து வெல்லப் பார்த்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

"விடு எண்டு சொல்லுறன்!"

பாய்மரத்துக் கம்பிகள் ஊளையிடத் தொடங்கின. படகு சாயவில்லை, வேகம்தான் கூடிக்கொண்டே போனது. நான் இன்னமும் இடுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கரைப்பக்கத்து உடல் முழுசாகத் தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. சோற்றுப் பொதி, தண்ணீர்ப் போத்தல், மகள், எல்லாம் ஒன்றாக வலப்பக்கம் சரிந்ததைக் கண்டேன். நீங்கள் சுக்கானை விட்டுவிட்டு என்மேல் விழுந்து, பூட்டிலிருந்து கயிற்றைப் பிய்த்தெடுத்தீர்கள். அது உங்கள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. எழும்பிய உடல் தண்ணீரில் அறைந்து விழுந்தது. மகள் படகில் இல்லை.

பின்னால் அங்கி ஒரு பக்கம் மிதந்தது, பிள்ளையின் தலை இன்னொரு பக்கம் தெரிந்து மறைந்தது. "படகக் கிறுக்கிறன், கிறுக்கிறன், நீ அவளில இருந்து கண்ண எடுக்காத!" என்று கத்தினீர்கள். படகு திரும்பியது. முதல் தரம் கைக்கு எட்டாமல் கடந்துபோனோம். இரண்டாம் தரம் நான் வலையில் குப்புறப் படுத்து அவள் தலைமயிரைப் பிடித்தேன். பிடித்ததை விடாமல் இருந்தேன், அது ஒன்றுதான் அன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை. ஒற்றைப் படகாக இருந்திருந்தால் முன்னமே சாய்ந்திருக்கும், நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்த அலையில் அவ்வளவு தாழ்வான வலையில் படுத்து அவளை அள்ளியிருக்கவும் முடியாது. இரண்டையும் எத்தனையோ முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், மச்சாள். படகில் பிழை இல்லை.

கரைக்கு வந்தபோது உங்கள் தம்பி ஓடி வந்தார். மகள் வாயால் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தாள். "ஆர் கயிறு பிடிச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள், "நான்தான்டா." தோலுரிந்த உங்கள் உள்ளங்கையை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை. மயக்கமும் இருமலுமாகக் கிடந்த மகள் அதைக் கேட்கவில்லை; கடலிலும் காதில் பாட்டோடு கிடந்து எதையும் கவனித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காதோடு, "நீ அவனோட இருந்து வாழோணும். நான் தனிக்கட்டை, என்னோட கோவிச்சா கோவிச்சிட்டுப் போறான்" என்றீர்கள். ஒரு கிழமை போகட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அவர் அதற்குப் பிறகு உங்கள் வாசலை மிதிக்கவில்லை. ரெட்டைப் படகு கடலுக்கு ஆகாது என்று ஊரும் முடிவு கட்டியது. ஒருவரும் ஏறவில்லை. படகு எங்கள் வளவுக்கு வந்து படங்கு மூடிக் கிடந்தது. நீங்கள் நோயில் விழுந்தீர்கள். நான் சோறு கொண்டுவருவேன். நீங்கள் மகளைப் பற்றிக் கேட்பீர்கள், தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். ஒருநாளாவது, "இனிச் சொல்லன்" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு. பொய். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்துதான் தினமும் வந்தேன்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது.

*

நேற்று அந்த இடத்தில் எழும்பிப் போனேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

அவர் புதுத் தட்டைக் கிரைண்டரில் பொருத்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் படகில் கை வைத்து நின்றேன். வேலைக்காரர் இருவரும் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னேன். தனியாகச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

"கயிறு பிடிச்சது நான். பூட்டிப்போட்டு இருந்தன். மச்சாள் ரெண்டு தரம் விடச் சொன்னவ, நான் விடல்ல."

அவர் நிமிரவில்லை. முதலில் விளங்கவில்லையோ என்று நினைத்தேன். தட்டின் திருகை முடுக்கியபடியே, "அக்காட கை?" என்றார்.

"நான் விடாத கயிற பிடுங்கினதில அறுந்தது. அந்தக் கைதான் உங்கட புள்ளையக் காப்பாத்தினது."

கிரைண்டரின் வயரைக் கழற்றிச் சுற்றினார், மிகவும் ஒழுங்காக. வேலைக்கு வந்தவர்களைப் போகச் சொன்னார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் படகின் ஓரத்தில் குந்திக்கொண்டு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கடைசி நாள் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்தானே. நீ வெளியால மருந்து வாங்கப் போன நேரம் அக்கா கேட்டவ, 'இன்னும் கோவமாடா தம்பி?' எண்டு." சட்டத்தில் அறுத்த இடத்தைத் தடவினார். "நான் ஓம் எண்டு சொன்னன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நேற்றுச் சாப்பிடவுமில்லை. இன்று காலை எழும்பி, பாதி அறுந்த சட்டத்துக்கு இரும்புத் தகடு வைத்து ஆணி முடுக்கிக்கொண்டிருக்கிறார். மகள் அவருக்குத் தகட்டைப் பிடித்துக் கொடுக்கிறாள். அவளுக்கும் சொல்லிவிட்டேன். இனிமேல் அவர் என்னோடு பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. படகைக் கடலில் இறக்கினால் நான் கூடப் போவேன், கயிற்றை எந்தப் பூட்டிலும் இறுக்கமாட்டேன். கை மரத்துப்போனாலும் கையிலேயே பிடித்திருப்பேன், நீங்கள் சொன்னபடி காற்றுக் கூடினால் உடனே விட. நீங்கள் விட்டுப்போனதில் எனக்குச் சொந்தமென்று சொல்ல அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

ஆனால் இன்று காலையிலிருந்து வேறொன்று என்னை இருக்கவிடுவதாயில்லை. அந்தக் கடைசி நாள், நான் மருந்தோடு திரும்பி வந்தபோது, அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்த "ஓம்" உங்கள் காதில் விழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உங்களுக்கு எதிரே நான் நின்றேன், அவர் நின்றார். கயிறு பிடித்தது இவள்தான் என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் என் முகத்து வேர்வையைப் பார்த்துவிட்டு, "வெயிலுக்க நடந்தா வந்தாய்? தண்ணி குடி" என்றீர்கள். தலைமாட்டில் உங்கள் போத்தல் இருந்தது. நான் எடுத்துக் குடித்தேன், மச்சாள். முழுவதையும் குடித்தேன்.